சிக்னல் கோடு முழுதாக நிற்கிறது, நெட் மட்டும் நகரவில்லை: கூட்ட நெரிசலில் செல்போன், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்போன் டவர்களைச் சோதித்துச் சரிசெய்வது என் பிழைப்பு. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், வேலை பெரும்பாலும் புதுச்சேரிப் பக்கம். கல்யாண வீட்டில் மருத்துவரைக் கண்டதும் நாக்கை நீட்டிக் காட்டுகிறவர்கள் உண்டல்லவா, அதுபோல என்னைக் கண்டதும் போனை நீட்டுகிறவர்கள் உண்டு. மாசி மகத்துக்கு மறுநாளும் புத்தாண்டுக்கு மறுநாளும் தெருவில் நடக்கவே யோசிப்பேன். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைத்துவிட்டால், இனி இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டு என் காபியைக் குடிக்கலாம்.

சிக்னல் முழுதாகக் காட்டுகிறது. பிறகு ஏன் ஒரு படம்கூடத் திறக்க மறுக்கிறது?

அந்தக் கோடுகள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: டவரின் குரல் உங்கள் போனுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது. உங்களுக்கு அங்கே இடம் இருக்கிறதா என்பதை அவை சொல்வதில்லை.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தின் கதவு திறந்திருக்கிறது, சாம்பார் மணம் தெருவரை வருகிறது. அதுதான் சிக்னல். உள்ளே உட்கார இலை இருக்கிறதா என்பது வேறு விஷயம். 4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்துக்கு 100 இலைகள்தாம் போட முடியும். ஆனால் பந்தி முடிவது மிக வேகம்: ஒரு மில்லி வினாடிக்கு ஒரு பந்தி, வினாடிக்கு ஆயிரம் பந்தி. ஒவ்வொரு பந்தியிலும் யாருக்கு எத்தனை இலை என்பதை டவர்க் கருவி முடிவு செய்துகொண்டே இருக்கும். ஊர் அமைதியாக இருக்கும் நேரத்தில் நூறு இலையும் உங்கள் ஒருவருக்கே கிடைக்கலாம். தேர்த் திருவிழா அன்று உங்கள் முறை வருவதற்குள் போன் பொறுமை இழந்து "இணைப்பு இல்லை" என்று சொல்லிவிடும்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. டவருக்குத் தெளிவான பார்வையில் நிற்பவருக்கு ஓர் இலையில் நிறையப் பரிமாறலாம். கூட்டத்தின் நடுவே, நாலு பக்கமும் ஆட்கள் சூழ, பக்கத்து டவர்களின் இரைச்சலுக்குள் நிற்பவருக்கு அதே இலையில் கால் பங்குதான் வைக்க முடியும், அதற்கு மேல் வைத்தால் சிந்திவிடும். அதனால் அதே படத்தைப் பார்க்க அவருக்கு நான்கைந்து மடங்கு இலை வேண்டும். ஓர் ஓரத்தில் சிக்கல்பட்டு நிற்கும் பத்துப் பேர் மொத்தப் பந்தியையும் பிடித்துக்கொள்வது இப்படித்தான். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர் என்பதையும் மறக்க வேண்டாம். அது ரேடியோ அலையை உறிஞ்சும். நெருங்கி நிற்கும் கூட்டம் ஒரு சுவருக்குச் சமம்.

எத்தனை பேர் சேர்ந்தால் டவர் திணறும்? ஒரு கணக்குச் சொல்ல முடியுமா?

உத்தேசமாகச் சொல்லலாம். 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலைவரிசையின் வேகம், இரண்டு ஆன்டெனா வைத்துக் காகிதத்தில் எழுதினால், வினாடிக்கு 150 மெகாபிட். நெரிசலில் அது சராசரியாக 30 அல்லது 40 கிடைத்தாலே நான் திருப்திப்படுவேன். 35 என்று வைத்துக்கொள்வோம். டவரின் ஒரு முகத்தை நோக்கி நிற்பவர்களில் 400 பேர் ஒரே நேரத்தில் எதையாவது இழுக்கிறார்கள் என்றால் ஆளுக்கு 90 கிலோபிட்டுக்கும் குறைவு. சாதாரணக் குரல் அழைப்புக்கு இது தாராளம். வாட்ஸாப் எழுத்துச் செய்திக்கும் போதும். காணொளிக்கு ஆகாது. சுமாரான தெளிவில் ஒரு வீடியோ ஓட ஒன்று, ஒன்றரை மெகாபிட் வேண்டும்.

400 பேர் சேரக் கோயில் திருவிழாக் கூட்டம் தேவையில்லை, ஒரு பெரிய கல்யாண மண்டபமே போதும்.

அழைப்பே போகவில்லையே. பேச்சுக்கு இடம் இருக்கிறது என்கிறீர்கள், பொத்தானை அழுத்தினால் மௌனமாக இருக்கிறது?

பந்திக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. சும்மா இருக்கும் போன் டவரோடு பேசத் தொடங்க முதலில் கையைத் தூக்க வேண்டும். 4ஜியில் இப்படிக் கையைத் தூக்குவதற்கு 64 வகைக் குறியீடுகள் உண்டு. போன் அவற்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து அனுப்பும். இரண்டு போன்கள் ஒரே கணத்தில் ஒரே குறியீட்டை எடுத்துவிட்டால் மோதல். இருவரும் சற்றுப் பின்வாங்கி மீண்டும் முயல வேண்டும். நள்ளிரவு பன்னிரண்டு அடித்த அந்த நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகக் கை தூக்கினால், உள்ளே இலை காலியாக இருந்தாலும் வாசலிலேயே தள்ளுமுள்ளு. நீங்கள் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் தள்ளுமுள்ளில் ஐந்து பேராக ஆகிறீர்கள். அரை நிமிடம் விட்டு ஒரு முறை அழுத்துவது மேல்.

புத்தாண்டு இரவில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்?

ஒரு புத்தாண்டு இரவு, காந்தி சிலைக்கு எதிரே, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு சோதனைப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். பதினொன்றே முக்காலுக்கு சிக்னலின் பலம் மைனஸ் 74. எங்கள் தொழிலில் இது கண்ணை மூடிக்கொண்டு தூங்கலாம் என்கிற எண். மைனஸ் 110ஐத் தாண்டினால்தான் கவலை. ஆனால் பக்கத்திலேயே இன்னோர் எண் இருந்தது, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம். அது பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. அதாவது என் டவர் சத்தமாகத்தான் பேசுகிறது, ஆனால் மற்ற டவர்கள் எல்லாம் சேர்ந்து அதைவிடச் சத்தமாகப் பேசுகின்றன. என் பக்கத்தில் ஒரு பெண், தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, விழுப்புரத்தில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டுப் போட்டுப் பார்த்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "நாலு கோடும் இருக்கிறதே, சார்" என்று என்னிடம் காட்டினார். சாதாரண அழைப்பாகப் போடுங்கள் என்றேன். மூன்றாவது முயற்சியில் போனது.

அந்த இடத்துக்கு என்றே சில தொல்லைகள் உண்டு. கடற்கரைச் சாலை நீளமான ஒற்றைக் கோடு. கிழக்கே கடல். டவர்கள் எல்லாம் மேற்கிலிருந்துதான் பார்க்க முடியும். கூட்டத்தை நான்கு பக்கமும் சூழ்ந்து பங்குபோட முடியாது. சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வாகனம் கிடையாது என்பதால், நடமாடும் டவர் வண்டியைக் குறுக்குத் தெருக்களில்தான் ஒதுக்க வேண்டும். ஒயிட் டவுனில் வீடுகள் தணிவானவை, பாரம்பரியக் கட்டடங்கள். அவற்றின் மாடியில் நினைத்தபடி ஆன்டெனாக் கம்பம் நட எவரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது என்பது என் கட்சி.

கோடை மாலைகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். கடல்மீது சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்காக நின்றால், ரேடியோ அலை வானத்துக்குத் தப்பிப் போகாமல் அந்த அடுக்குக்குள் குழாய்க்குள் போவதுபோலப் பயணம் செய்யும். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் கடலோர டவரின் சத்தம் இங்கே வந்து விழும். அனுப்புவதற்கும் பெறுவதற்கும் ஒரே அலைவரிசையை மாறி மாறிப் பயன்படுத்தும் 2300 மெகாஹெர்ட்ஸ் போன்றவற்றில் இது பெரிய தலைவலி. பழுது எதுவும் இல்லாமலேயே பழுதுபோல் நடந்துகொள்ளும். காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

டவரின் பவரைக் கூட்டிவிட்டால் தீர்ந்ததே?

எங்கள் தெருவில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் இது. இரண்டு காரணங்களால் பலிக்காது. ஒன்று, நெரிசலில் பற்றாக்குறை சத்தத்துக்கு இல்லை, இலைக்குத்தான். சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து டவரின் ஆட்களுக்கு இரைச்சல் கூடும், அந்த டவரும் தன் சத்தத்தைக் கூட்டும், கடைசியில் சந்தைக்கடை. இரண்டு, டவர் எவ்வளவு கத்தினாலும் உங்கள் போன் திருப்பிப் பேச வேண்டும். போனின் உச்ச பவர் ஏறத்தாழ 200 மில்லிவாட். அதைக் கூட்ட யாராலும் முடியாது.

உண்மையில் நெரிசல் இடத்தில் நாங்கள் பல நேரம் பவரைக் குறைக்கிறோம், ஆன்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்க்கிறோம். இரண்டு டிகிரிச் சாய்வு செய்யும் நன்மையை இருபது வாட் செய்யாது.

அப்படியானால் நிறுவனங்கள் என்னதான் செய்ய முடியும்?

ஒரே பெரிய மண்டபத்தை ஒன்பது சிறு மண்டபமாகப் பிரிப்பதுதான் ஆதார வழி. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

வழக்கமான டவருக்கு மூன்று முகம், ஒவ்வொரு முகமும் 120 டிகிரி. கூட்டம் சேரும் பக்கத்து முகத்தை இரண்டாக, நான்காக வெட்டும் பல்கதிர் ஆன்டெனாக்கள் இருக்கின்றன. கிரிக்கெட் மைதானங்களில் இவைதாம் வேலை செய்கின்றன. ஒவ்வொரு துண்டும் தனிப் பந்தி என்பதால் அதே அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அதற்கடுத்து, விளக்குக் கம்பத்திலும் கட்டட முகப்பிலும் பொருத்தும் சிறு செல்கள். ஒரு சூட்கேஸ் அளவு, நூறு இருநூறு மீட்டர் வீச்சு. தெருக் கம்பங்களில் இவற்றைப் பொருத்துவதற்கான நடைமுறையை 2022-இல் மத்திய அரசு வழித்தட விதிகளில் (தொலைத்தொடர்புக் கம்பியும் கம்பமும் அமைக்க இடம் கொடுப்பதற்கான விதிகள்) சேர்த்தது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை மாதிரியான இடத்துக்கு, காணும் பொங்கல் கூட்டத்துக்கு, என்னைக் கேட்டால் ஓர் உயரமான டவரைவிட ஆறு விளக்குக் கம்பம் போதும் என்பேன்.

பிறகு அலைவரிசை. ஒரு நிறுவனத்திடம் 850, 900, 1800, 2100, 2300 என்று பல கூடங்கள் இருக்கலாம். 850, 900 தொலைதூரம் போகும், சுவரைத் துளைக்கும், அதனால் எல்லாப் போனும் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதில் இடம் குறைவு. 2300 பக்கத்தில் காலியாகக் கிடக்கும். போன்களை நயமாக அங்கே தள்ளிவிடுவதற்கு மென்பொருளில் அமைப்புகள் உண்டு. அதைத் திருவிழாவுக்கு முந்தைய நாள் சரியாகத் திருப்பி வைக்கிற பொறியாளர் நல்ல பொறியாளர். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று தோன்றும்.

எல்லாரும் மறந்துபோவது சமையற்கட்டு. டவரிலிருந்து நிறுவனத்தின் மையத்துக்குப் போகும் வழி அது. அது கண்ணாடி இழையாக இருந்தால் கவலையில்லை. பழைய மைக்ரோவேவ் தட்டாக இருந்தால், மண்டபத்தில் எத்தனை இலை போட்டாலும் சாதம் ஒரே ஒரு வாளியில்தான் வரும். புறநகரில் ஓர் இடத்தில் மூன்று மாதம் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் குற்றவாளி அந்த வாளி என்று கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு. அதைப் பற்றி மேலே பேசினால் இரத்த அழுத்தம் கூடும்.

5ஜி போன் வாங்கினால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் நல்ல மாற்றம் தெரியும். இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1-இல் தொடங்கியது. அதன் முக்கிய அலைவரிசையான 3300 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு நிறுவனம் 100 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே துண்டாக வைத்திருக்கலாம். 4ஜியின் 20 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். போதாததற்கு 32 அல்லது 64 ஆன்டெனாக்களை ஒரே பலகையில் அடுக்கி, ஆளுக்கு ஆள் தனிக் கதிராகக் குவித்து அனுப்பும் கருவிகள். ஒரே கணத்தில் ஒரே இலையை, வேறு வேறு திசையில் நிற்கும் சிலருக்குப் போட முடியும். பந்தி உவமை இங்கே கிழிந்துபோகிறது, மன்னிக்கவும்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஏர்டெல் தொடங்கிய முறையில் 5ஜி, 4ஜியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. ஜியோ தொடங்கிய முறையில் தனியாக நிற்கிறது. தோளைப் பிடிக்கும் முறையில் 4ஜி வாசல் நெரிந்தால், திரையில் 5ஜி என்று மின்னிக்கொண்டே ஒன்றும் நகராமல் இருக்கக்கூடும். இரண்டாவது, 3300 அலைவரிசைக்குச் சுவர் என்றால் பயம். மணக்குள விநாயகர் கோயில் தெருவில் பறந்தது, பக்கத்து வீட்டுக் கூடத்துக்குள் நுழையாது.

மாசி மகத்தில் தீர்த்தவாரியை நேரலையாக அனுப்பப் பார்த்தேன். பார்ப்பது முடிகிறது, அனுப்புவது முடியவில்லை. ஏன்?

வைத்திக்குப்பத்தில் சுவாமிகள் வரிசையாகக் கடலுக்கு வந்து நிற்கும் அந்தக் காட்சியில், கரையில் தூக்கிய கைகளை எண்ணிப் பாருங்கள். முன்பெல்லாம் கும்பிட்ட கை, இப்போது போன் பிடித்த கை. அத்தனை பேரும் ஒரே திசையில் அனுப்புகிறார்கள். இந்த வலையமைப்பு பெறுவதற்காகக் கட்டப்பட்டது. மாறி மாறிப் பயன்படுத்தும் அலைவரிசைகளில் நேரத்தின் முக்கால் பங்கோ அதற்கு மேலோ உங்களுக்கு அனுப்புவதற்கே டவர் வைத்துக்கொள்ளும், உங்களிடமிருந்து வாங்குவதற்கு மிச்சம்தான். அதிலும் அந்த 200 மில்லிவாட் குரலில் நூற்றுக்கணக்கான போன்கள் ஒன்றாகப் பேசினால் டவரின் காதில் விழுவது வெறும் இரைச்சல்.

பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறி அஜந்தா சிக்னலைத் தாண்டிய பிறகு அனுப்புங்கள். நேரலை கட்டாயம் என்றால் தெளிவை 480க்குக் குறைத்துவிட்டு, கரையிலிருந்து நூறு மீட்டர் பின்வாங்கி, டவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நில்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் யு.பி.ஐ. பணம் போய்விட்டது, கடைக்காரரின் ஒலிப்பெட்டி வாய் திறக்கவில்லை. மறுபடி கொடுக்கவா?

கொடுக்காதீர்கள். மகாத்மா காந்தி சாலைச் சந்தையில் நானே ஒரு சட்டைக்கு இரண்டு முறை பணம் கொடுத்தவன். ஒலிப்பெட்டிக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. அதுவும் உங்களோடு அதே பந்தியில்தான் காத்திருக்கிறது. உங்கள் வங்கிக்குச் செய்தி போய்ப் பணம் ஏறியிருக்கலாம், பெட்டிக்குச் செய்தி வரத் தாமதம். கடைக்காரரின் செயலியில் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் செயலியில் பரிமாற்ற நிலையைப் பாருங்கள். "நிலுவையில்" என்றிருந்தால் இரண்டு நிமிடம் பொறுங்கள். உங்கள் கணக்கில் பிடித்து, கடைக்குப் போய்ச் சேராவிட்டால் அது தானாகத் திரும்ப வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, கடைக்குக் கொடுத்ததில் ஐந்து நாளுக்குள், ஆளுக்கு ஆள் அனுப்பியதில் மறுநாளுக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

யு.பி.ஐ. லைட் வைத்திருந்தால் சின்னத் தொகைகள் வங்கியின் கணினியைத் தட்டாமல் போகும், தோல்வி குறையும். அதற்கும் போனில் நெட் வேண்டும் என்பது வேறு. சந்தைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஐந்நூறு ரூபாய் சில்லறை வைத்துக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

சாதாரண அழைப்பா, வாட்ஸாப் அழைப்பா? எது போகும்?

சாதாரண அழைப்பு. சந்தேகமே வேண்டாம். 4ஜியில் போகும் சாதாரண அழைப்புக்கு வலையமைப்பு தனி வரிசை கொடுக்கிறது. பந்தியில் முதியவர்களுக்கு முதல் இலை என்பதுபோல. வாட்ஸாப் அழைப்பு அதன் கண்ணில் சினிமாவும் குறும்படமும் பார்க்கிற கூட்டத்தோடு சேர்ந்த இன்னொரு டேட்டா, அவ்வளவே. சாதாரண அழைப்பும் போகாவிட்டால் பழைய எஸ்.எம்.எஸ். அது துளியூண்டு. சந்து கிடைத்ததும் நுழைந்துவிடும்.

ஏரோப்ளேன் மோடு போட்டு எடுத்தால் வேலை செய்கிறதே, அது மந்திரமா?

சில நேரம் வேறு டவரிலோ வேறு அலைவரிசையிலோ போய் ஒட்டிக்கொள்ளும், அப்போது பலன் உண்டு. பலமுறை செய்தால் வாசல் நெரிசலை நீங்களே வளர்க்கிறீர்கள். ஒரு முறை போதும். வேறு நிறுவனத்தின் இரண்டாவது சிம் இதைவிட நல்ல மந்திரம்.

ஒயிட் டவுனில் விடுதி நடத்துகிறேன். அறைக்குள் சிக்னலே இல்லை. இணையத்தில் விற்கும் பூஸ்டர் வாங்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து. உரிமம் இல்லாத தனியார் பூஸ்டர் சட்டவிரோதம், கருவியைப் பறிமுதல் செய்வார்கள். சட்டத்தை விடுங்கள், உங்கள் தெருவுக்கே அது செய்யும் கொடுமை பெரிது. மலிவான பூஸ்டர் உங்கள் போனின் குரலோடு எல்லா இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவரின் காதுக்குள் ஊதும். சுற்றுவட்டாரத்தில் அத்தனை பேருக்கும் அழைப்பு அறுபடும். நாங்கள் திசைகாட்டி ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து, ஒரு வீட்டின் மொட்டைமாடியில் துணி காயும் கம்பியின் ஓரத்தில் அதைக் கண்டுபிடித்திருக்கிறோம். அந்த வீட்டுக்காரர் பாவம், வெகு நாளாக "இந்தத் தெருவில் டவர் சரியில்லை" என்று புகார் கொடுத்துக்கொண்டிருந்தவரே அவர்தான்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த செங்கல் சுவரை எந்த அலையும் சுலபமாகத் துளைக்காது. உங்களுக்கு வழி வைஃபை அழைப்பு, அதாவது டவருக்குப் பதில் வைஃபை வழியே போகும் சாதாரண அழைப்பு. நல்ல கண்ணாடி இழை இணைப்பு எடுத்து, ஒவ்வொரு மாடிக்கும் வைஃபை கொடுத்துவிட்டு, விருந்தினர்களிடம் போன் அமைப்பில் வைஃபை அழைப்பை இயக்கச் சொல்லுங்கள். வெளியே டவரின் பந்தியிலும் அத்தனை இலை மிச்சம்.

எங்கள் தெருவில் டவர் வேண்டாம் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?

பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். எங்கள் அத்தையும் கையெழுத்துப் போட்டவர்தான். 2012-இல் இந்தியா டவர் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. எந்த டவர் எந்த அளவில் இருக்கிறது என்பதை மத்திய அரசின் தரங் சஞ்சார் இணையதளத்தில் பார்க்கலாம். இன்னொன்று, டவர் தொலைவில் இருந்தால் உங்கள் போன் அதன் முழு பவரில் கத்த வேண்டியிருக்கிறது, அதுவும் காதோடு ஒட்டிக்கொண்டு. டவர் அருகில் இருந்தால் அது முணுமுணுத்தாலே போதும். டவரைத் துரத்திவிட்டுச் சிக்னல் இல்லை என்று புகார் கொடுக்கும் தெரு எங்கள் ஊரிலும் இருக்கிறது.

புயல் நேரத்தில் டவர் ஏன் முதலில் விழுகிறது?

டவர் அநேகமாக விழுவதில்லை, மின்சாரம்தான் போகிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். டவரின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதன்பின் டீசல் ஜெனரேட்டர். சாலையில் மரம் விழுந்து கிடந்தால் டீசல் எங்கிருந்து வரும்? 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது வெள்ளமும் சேர்ந்துகொண்டது. ஐந்து டவர் இருந்த இடத்தில் இரண்டு மிஞ்சினால், ஐந்தின் கூட்டமும் அந்த இரண்டில் ஏறும். அதனால்தான் புயலில் சிக்னல் இருந்தாலும் அழைப்புப் போகாது.

பேரிடரில் ஒரு நிறுவனத்தின் சிம் மற்ற நிறுவனத்தின் டவரிலும் இயங்கும்படி தொலைத்தொடர்புத் துறை திறந்துவிடுவதுண்டு. அப்போது போனில் வலையமைப்புத் தேர்வைத் தானியங்கியில் வைத்திருங்கள். அவசர உதவி எண்ணான 112 எந்த நிறுவனத்தின் டவரையும் பிடித்துக்கொண்டு போகும். 2023-இல் திடீரென்று எல்லாப் போனும் அலறி ஒரு சோதனை எச்சரிக்கை வந்ததே, அது ஒலிபெருக்கி மாதிரி. டவர் ஒரு முறை சொல்லும், வட்டாரத்தில் எல்லாப் போனும் கேட்டுக்கொள்ளும். ஆயிரம் பேரானாலும் லட்சம் பேரானாலும் ஒரே இலைதான்.

நாங்கள் விழாக் கமிட்டி. ஆற்றுத் திருவிழாவுக்கும் தேருக்கும் முன்னால் என்ன செய்ய வேண்டும்?

ஒரு மாதம் முன்பே, எல்லா நிறுவனங்களுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். தேதி மட்டும் போதாது, நேரம் வேண்டும். வடலூர் தைப்பூசம் எங்களுக்குப் பிடித்த கூட்டம், ஏன் தெரியுமா? ஜோதி தரிசனம் காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் காலை 5.30 என்று நேரம் குறித்திருக்கிறது. எந்த நேரத்தில் கூட்டம் அலையடிக்கும் என்று தெரிந்தால் அதற்கேற்ப அமைப்புகளை மாற்றி வைக்கலாம். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் கூட்டம் எங்கே இறங்கும், எங்கே ஏறும் என்பதை ஒரு காகிதத்தில் வரைந்து கொடுத்தால் அதுவே பாதி வேலை.

நடமாடும் டவர் வண்டி வருவதானால் ஒரு லாரி நிற்கும் இடம், மும்முனை மின் இணைப்பு, முடிந்தால் அருகில் கண்ணாடி இழை. கடைசியது இல்லாவிட்டால் வண்டி வெறும் அலங்காரம். தொண்டர்களைச் செல்போனை நம்பி விடாதீர்கள். 446 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் குறைந்த சக்தி வாக்கிடாக்கிகளுக்கு உரிமம் வேண்டியதில்லை. வாங்கும்போது அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள், மற்றவை வம்பில் மாட்டிவிடும். பிரசாதக் கடைக்கும் டிக்கெட் கவுன்டருக்கும் கம்பிவழி இணைப்பு ஒன்று தனியாக எடுத்துவிடுங்கள்.

காணாமல்போன குழந்தைகளுக்கான அறிவிப்புக்கு ஒலிபெருக்கி. இந்தக் காலத்திலும்.

புகார் கொடுத்தால் யாராவது பார்க்கிறார்களா?

பார்க்கிறார்கள், சரியாக எழுதினால். "நெட் வேலை செய்யவில்லை" என்று வரும் புகாரை வைத்து எதுவும் செய்ய முடியாது. "ஞாயிறு மாலை 6 முதல் 9 வரை, நேரு வீதி மூலையில், சிக்னல் முழுதாக இருந்தும் டேட்டா வரவில்லை, அழைப்பு வருகிறது" என்று எழுதினால் படிக்கிறவருக்கு அது நெரிசல் என்று அடுத்த நொடியில் புரியும். முதலில் உங்கள் நிறுவனத்தின் புகார் எண்ணான 198. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் வேகச் சோதனைச் செயலியில் அதே இடத்தில், அதே நேரத்தில் மூன்று நாள் அளந்து இணைத்தால் புகாருக்கு எலும்பு வந்துவிடும். 2024 அக்டோபர் முதல் நிறுவனங்கள் தங்கள் சேவைப் பரப்பு வரைபடத்தை இணையத்தில் வெளியிட வேண்டும். சிம் மாற்றுவதற்கு முன் அதைப் பாருங்கள். ஆனால் வரைபடமும் கதவு திறந்திருப்பதைத்தான் சொல்லும், இலை இருப்பதை அல்ல.

கூட்டத்தில் குடும்பத்தைத் தொலைத்துவிட்டேன், போனும் போகவில்லை. அப்போது?

கிளம்பும்போதே இடம் பேசிவிட வேண்டும். எங்கள் வீட்டில் புதுச்சேரி என்றால் பழைய கலங்கரை விளக்கத்தின் அடி, கடலூர் என்றால் பாடலீஸ்வரர் கோயில் தேரடி. தொலைந்தவர் அங்கே போய் நிற்க வேண்டும், மற்றவர்கள் அரைமணிக்கு ஒரு முறை அந்தப் பக்கம் வர வேண்டும். என் மகள் போன வருடம் அங்கே நின்றுகொண்டிருந்தாள், கையில் பஞ்சுமிட்டாய். என் போனுக்கு அவள் அனுப்பிய "அப்பா, எங்கே?" என்ற செய்தி நாங்கள் வீடு திரும்பி, சாப்பிட்டுக் கை கழுவும்போது வந்து சேர்ந்தது.